உறைபனி எச்சரிக்கைக் கருவி: சாலிடர் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் தலைகுந்தா, காந்தள், அவலாஞ்சிப் பகுதிகளின் உறைபனிப் படங்கள் தங்கள் நாளிதழில் தவறாமல் வருகின்றன. அதே பருவத்தில் மலையிலுள்ள மின்னணுவியல் மாணவர்கள் தங்கள் புராஜெக்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு, உறைபனி எச்சரிக்கைக் கருவி. தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் ஒரே இரவில் கருகிப்போகும் ஊரில் இதைவிடத் தேவையான தலைப்பு கிடையாது. ஆனால் கண்காட்சி மேசையில் ஐஸ்கட்டி பட்டதும் கத்துகிற கருவி, தோட்டத்தில் பனி விழும் இரவில் வாயே திறப்பதில்லை. இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அனலாக் சுற்று (வோல்ட்டேஜ் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் மின்சுற்று) ஒன்றை எந்த வரிசையில் வடிவமைப்பது, அதற்குக் கணினியில் என்ன கருவிகள் இருக்கின்றன, அவை எங்கே ஏமாற்றும் என்று உட்கார்ந்து சொல்லித் தருபவர்கள் குறைவு. பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் சுற்றைச் சோதிக்கும் துளைப்பலகையில்) பாகங்களைக் குத்தி, விளக்கு எரிந்தால் சரி என்று நேரே பிசிபிக்கு (செம்புப் பாதைகள் அச்சிட்ட சுற்றுப்பலகைக்கு) போய்விடுகிறார்கள். அந்த வரிசையை இந்த ஒரு கருவியை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள் வேண்டும். எத்தனை டிகிரியில் அலாரம் அடிக்க வேண்டும், எவ்வளவு பிழை தாங்கும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது, சென்சார் வயர் எத்தனை மீட்டர், அந்த வயர் அறுந்தால் கருவி என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதிவிட வேண்டும். தெளிந்த, காற்றில்லாத இரவில் இலையும் நிலமும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நான்கடி உயரத்தில் 3, 4 டிகிரி இருக்கும்போதே புல்நுனியில் பூஜ்யம் வந்துவிடலாம். ஆகவே சென்சார் இலை மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே 2 டிகிரிக்கு அலாரம் வைத்தால் ஸ்பிரிங்க்ளரைத் திறக்கவோ தழை போட்டு மூடவோ கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது கையால் போடும் கணக்கு. கடையில் எளிதாகக் கிடைக்கும் தெர்மிஸ்டர் (வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்), 25 டிகிரியில் 10 கிலோஓம், பீட்டா மதிப்பு (மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950. குளிரக் குளிர இதன் மின்தடை ஏறும்: 5 டிகிரியில் 25.9 கிலோஓம், 2 டிகிரியில் 30.3, பூஜ்யத்தில் 33.6. இதை ஒரு 30 கிலோஓம் ரெசிஸ்டருடன் தொடராக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, தெர்மிஸ்டர் கிரவுண்டுப் (பூஜ்ய வோல்ட்) பக்கம் இருக்கும்படி போட்டால், இரண்டும் சேரும் நடுப்புள்ளியில் 2 டிகிரிக்கு 2.51 வோல்ட், 4 டிகிரிக்கு 2.38 வோல்ட். அதாவது டிகிரிக்குச் சுமார் 65 மில்லிவோல்ட். இந்த எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இனி சுற்றில் எந்தப் பிழை வந்தாலும் அதை 65ஆல் வகுத்தால் எத்தனை டிகிரி தப்பு என்று தெரிந்துவிடும். வோல்ட்டில் பார்த்தால் சின்னதாகத் தெரியும் பிழை, டிகிரியில் பார்த்தால் பயிரையே கொண்டுபோகும் பிழையாக இருக்கும்.

நடுப்புள்ளியை எல்எம்393 கம்பேரட்டரின் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டு அவுட்புட்டை மாற்றும் ஐசி) நெகட்டிவ் இன்புட்டில் கொடுக்கிறோம். பாசிட்டிவ் இன்புட்டில் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் பிரித்த 2.5 வோல்ட். அவுட்புட்டிலிருந்து பாசிட்டிவ் இன்புட்டுக்கு 390 கிலோஓம். இந்த ஒற்றை ரெசிஸ்டரை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது இல்லாவிட்டால் வெப்பநிலை சரியாக எல்லையில் நிற்கும்போது ரிலே (அலாரத்தை இயக்கும் மின்காந்த ஸ்விட்ச்) விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். 390 கிலோஓம் போட்டால் எல்லை 60 மில்லிவோல்ட் அகலத்துக்கு இரண்டாகப் பிரிகிறது. இறங்கும்போது 1.7 டிகிரிக்கு அருகில் அடிக்கும், ஏறும்போது 2.6 தாண்டித்தான் நிற்கும். எல்எம்393இன் அவுட்புட் ஓபன் கலெக்டர் (கீழே இழுக்கும், தானாக மேலே ஏற்றாது) என்பதால் 5 வோல்ட்டிலிருந்து அதை மேலே இழுக்க 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். சின்ன 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். கம்பேரட்டர் 6 மில்லிஆம்பியருக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. ஆகவே நடுவில் பிசி327 போன்ற ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கிலோஓம், ரிலே காயிலின் குறுக்கே ஒரு டயோடு.

இந்த அமைப்பில் வயர் அறுந்தால் நடுப்புள்ளி 5 வோல்ட்டுக்கு ஏறும். கருவி அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொண்டு அலாரம் அடிக்கும். நல்லது, ஆள் போய்ப் பார்ப்பார். வயர் ஷார்ட் ஆனால் பூஜ்யம் வோல்ட், கொடும் வெயில் என்று நினைத்துச் சும்மா இருக்கும். ஆபத்து இந்தப் பக்கத்தில்தான். பின்னால் சொல்லப்போகும் ஈரப் பிரச்சினையும் இதே பக்கம்தான் தள்ளுகிறது.

கணக்கு முடிந்த பிறகே கணினி. சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் என்ற நிரல் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் எழுதியது. இன்று நாம் பயன்படுத்தும் பலவும் அதன் வழிவந்தவை. எல்டிஸ்பைஸ் இலவசம், சின்ன அனலாக் சுற்றுகளுக்கு மிக வேகம். கைகேட் என்பது திறந்த மூல மென்பொருள். சுற்று வரைபடம், பிசிபி இரண்டும் அதில் வரையலாம், திறந்த மூல ஸ்பைஸ் நிரலான என்ஜிஸ்பைஸ் உள்ளேயே இருப்பதால் அதே வரைபடத்தை ஓட்டியும் பார்க்கலாம். திறந்த மூல மென்பொருளைக் கல்வியில் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாசீ திட்டம் கைகேடையும் என்ஜிஸ்பைஸையும் இணைத்து இ-சிம் என்று வெளியிட்டிருக்கிறது. திருட்டுப் பிரதி தேட வேண்டிய அவசியமே இல்லை. இவை எல்லாம் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமல் ஓடும். மழைக்காலத்தில் நெட் விட்டுவிட்டு வரும் மலைக் கிராமத்தில், பிரவுசரில் ஓடும் தளங்களை நம்புவதைவிட இதுவே மேல். கைகேட் பெரிய கோப்பு. துறையில் ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் வகுப்பு முழுவதற்கும் போதும்.

தவறான பாகம் ஒன்றை மாற்றக் கோவைக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். சமவெளி மாணவரைவிட நம் மாணவருக்கு சிமுலேஷன் (சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) அதிகம் தேவைப்படுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் சிமுலேட்டர் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். முதல் பொறி ஓர் எழுத்து. ஸ்பைஸில் எம் என்ற ஆங்கில எழுத்து, பெரியதாக அடித்தாலும் சிறியதாக அடித்தாலும், மில்லி. ஒரு மெகாஓம் வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின்னால் மெக் என்று முழுதாக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மில்லிஓம், அதாவது நேர் ஷார்ட், அங்கே உட்கார்ந்திருக்கும். நிரல் எந்தப் புகாரும் சொல்லாது. இரண்டாவது, மாடல், அதாவது பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று நிரலுக்குச் சொல்லும் கோப்பு. பட்டியலிலிருந்து பெயரில்லாத டிரான்சிஸ்டரை எடுத்துப் போட்டால் அது குறையே இல்லாத கற்பனைப் பாகம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மாடலை இறக்கிச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மாடலின் கால் வரிசையும் குறியீட்டின் கால் வரிசையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு கால் மாறினாலும் நிரல் ஓடும், அவுட்புட் மட்டும் அசையாது. மூன்றாவது, வெப்பநிலை. ஸ்பைஸ் சொல்லாமலே எடுத்துக்கொள்வது 27 டிகிரி. உதகையில் கோடையிலேயே அபூர்வமான வெப்பம் அது. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் மாறும். 27இலிருந்து 2க்கு வந்தால் 50 மில்லிவோல்ட். சுற்றை 0, 10, 25, 40 டிகிரியில் ஓட்டிப் பார்க்காத சிமுலேஷன் மலைக்கு உதவாது.

ஓட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டிசி நிலை: 25, 5, 2, 0 டிகிரிக்கு உரிய மின்தடைகளைப் போட்டு, தாளில் எழுதிய வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் மேலே போகக் கூடாது, தாளிலோ வரைபடத்திலோ பிழை இருக்கிறது. அடுத்து அலாரம் அடிக்கும் புள்ளியும் நிற்கும் புள்ளியும். இதற்கு டிசி ஸ்வீப் (ஒரு மதிப்பைப் படிப்படியாக மாற்றி ஓட்டுவது) சரிப்படாது. ஒரு திசையில் மட்டும் போகும், தாவும் இடத்தில் விடை கிடைக்காமல் திணறவும் செய்யும். தெர்மிஸ்டரைச் சமன்பாடாக எழுதி, வெப்பநிலையைப் பத்து விநாடியில் 10 டிகிரியிலிருந்து மைனஸ் 2க்கு இறக்கி, மறு பத்து விநாடியில் ஏற்றும் டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறுவதைக் காட்டும்) ஓட்டம்தான் சரி. காலப்படி மிகச் சிறிது என்று பிழைச் செய்தி வந்தால், கம்பேரட்டர் அவுட்புட்டில் 10 பிக்கோஃபாரட் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

மூன்றாவது ஓட்டம் பாகங்களின் டாலரன்ஸ், அதாவது குறித்த மதிப்பிலிருந்து அவை விலகக்கூடிய அளவு. எல்லையைத் தீர்மானிப்பவை நான்கு: தெர்மிஸ்டர், 30 கிலோஓம், இரண்டு 10 கிலோஓம். நான்கும் 5 சதவீத ரகமாக இருந்து, நான்கும் கெட்ட பக்கமே சாய்ந்தால் 20 சதவீதம். இந்தத் தெர்மிஸ்டர் டிகிரிக்குச் சுமார் 5 சதவீதம் மாறுவதால் அது கிட்டத்தட்ட 4 டிகிரிப் பிழை. 2 டிகிரியில் அடிக்க வேண்டிய கருவி மைனஸ் 2இல் அடிக்கும், பயிர் போன பிறகு. நான்கையும் 1 சதவீத ரகமாக வாங்கினால் பிழை 0.8 டிகிரிக்குள் அடங்கிவிடும். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டருக்கு ஆகும் கூடுதல் செலவு சில்லறைக் காசு. ஒரே மாதிரிக் கருவி இரண்டு மாணவர் குழுக்களிடம் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இந்த 5 சதவீத ரெசிஸ்டர்களே முக்கியக் காரணம்.

இனி பனி இரவுக்கு வருவோம். உறைபனி விழும் முன் எல்லாவற்றின் மேலும் ஈரம் படிகிறது. இலையின் மேல் படிவது கருவியின் பிசிபி மேலும் படியும். தெர்மிஸ்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே அந்த ஈரம் ஒரு மெகாஓம் அளவுக்குக் கசிந்தால், 30.3 கிலோஓம் 29.4 ஆகிவிடும். நடுப்புள்ளி 37 மில்லிவோல்ட் இறங்கும். 65ஆல் வகுத்துப் பாருங்கள், அரை டிகிரிக்கு மேல். சாலிடர் ஃபிளக்ஸ் (சாலிடர் ஒட்ட உதவும் பசை) துடைக்கப்படாமல் இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கசிவு 300 கிலோஓம் வரைகூடப் போகும். அப்போது 120 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 2 டிகிரி. இலை மட்டத்தில் 2 டிகிரி இருக்கும்போது கருவி 4 டிகிரி என்று நம்பிக்கொண்டு நிற்கும். கசிவு எப்போதும் மின்தடையைக் குறைக்கும். குறைந்தால் கருவிக்கு வெப்பம் என்றுதான் பொருள். எந்த இரவுக்காகக் கருவியைச் செய்தோமோ, அந்த இரவில் மட்டும், அமைதியாகத் தோற்கும் பிழை இது. வரைபடத்தில் ஈரம் என்ற பாகம் இல்லாததால் சிமுலேஷனில் தெரியவே தெரியாது. நாம்தான் தெர்மிஸ்டரின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, அதை 10 மெகாஓம், 1 மெகாஓம், 300 கிலோஓம் என்று படிப்படியாக மாற்றி ஓட்ட வேண்டும். இங்கேதான் மேலே சொன்ன மெக் என்ற சேர்க்கையை மறந்து, சுற்றே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தீர்வு என்று உடனே தோன்றுவது 1 கிலோஓம் தெர்மிஸ்டருக்கு மாறுவது. கசிவின் பாதிப்பு பத்தில் ஒன்றாகும், உண்மைதான். ஆனால் 5 வோல்ட்டில் அதற்குள் 2 மில்லிவாட் எரியும். சின்ன மணி ரகத் தெர்மிஸ்டர் அசையாத காற்றில் இரண்டு மில்லிவாட்டுக்குச் சுமார் ஒரு டிகிரி தானே சூடாகிவிடும். மறுபடியும் ஒரு டிகிரி போச்சு, மறுபடியும் அதே பக்கம். வோல்ட்டேஜை 1 வோல்ட்டாகக் குறைத்தால் சூடு நிற்கும். ஆனால் டிகிரிக்கு 65 மில்லிவோல்ட் என்பது 13 ஆகிவிடும். எல்எம்393இன் ஆஃப்செட் (ஒப்பிடுவதில் அதற்கே உள்ள பிழை) 5 மில்லிவோல்ட் வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளரின் தகவல் தாளான டேட்டாஷீட்டே சொல்கிறது, அது 0.4 டிகிரி. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்பும் பலூன் மாதிரிதான் அனலாக் வடிவமைப்பு. எந்தப் பக்கம் எவ்வளவு உப்பலாம் என்பதை எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். இந்தக் கருவிக்கு என் தேர்வு 10 கிலோஓமிலேயே இருந்து, ஈரத்தை வெளியே வைப்பது: ஃபிளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, அக்ரிலிக் கோட்டிங் அடித்து, தெர்மிஸ்டரின் கால்களைப் பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க்கில் (சூட்டில் சுருங்கும் உறையில்) மூடுவது. கனெக்டர்தான் ஈரம் நுழையும் வாசல். அதை எடுத்துவிட்டு வயரை நேரே பிசிபியில் சாலிடர் செய்வது நல்லது.

தோட்டத்திலிருந்து வீட்டுக்கு இருபது மீட்டர் வயர் இழுத்தால் அது மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸை வாங்கிக்கொள்ளும். நடுப்புள்ளியில் கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் அந்த இரைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகும். எலக்ட்ரோலிட்டிக் போடாதீர்கள், அதற்கே கசிவு உண்டு. இடியைப் பற்றி நம் ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உதகையில் இயங்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் 2014 டிசம்பரில் இங்கே ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் துகள்களைக் கொண்டு அளந்து, 2019இல் வெளியிட்டது. நேரடி மின்னலுக்கு எந்தச் சின்னப் பாகமும் தாங்காது. பக்கத்தில் விழுவது வயரில் கிளப்பும் அதிர்ச்சிக்கு, வயர் பிசிபியில் ஏறும் இடத்திலேயே திடீர் மின்னழுத்தத்தை அடக்கும் ஒரு டிவிஎஸ் டயோடும், அதற்குப் பின் கம்பேரட்டர் இன்புட்டுக்கு முன்னால் ஒரு 1 கிலோஓமும் போடலாம். டிவிஎஸ்ஸின் கசிவு மின்னோட்டத்தையும் டேட்டாஷீட்டில் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவும் தெர்மிஸ்டருக்குக் குறுக்கேதான் இருக்கிறது.

பிசிபி கட்டத்தில் கைகேடின் இஆர்சி (மின் இணைப்பு), டிஆர்சி (பலகை வடிவமைப்பு விதி) சோதனைகள் பிழையில்லை என்று சொன்னாலே போதும் என்று நினைப்பது தவறு. சிமுலேட்டரின் கிரவுண்டுக்கு மின்தடை கிடையாது, நிஜச் செம்புக்கு உண்டு. வழக்கமான தடிமன் செம்பில் கால் மில்லிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளப் பாதை என்றால் சுமார் 0.1 ஓம். ரிலேயின் 70 மில்லிஆம்பியர் அதன் வழியே போனால் 7 மில்லிவோல்ட், சென்சாரும் அதே பாதையைப் பகிர்ந்தால் 0.1 டிகிரி. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு மூன்று பாதை சேர்ந்து, ரிலே விழும்போது எல்லையும் நகர்ந்தால், 390 கிலோஓம் போட்டும் ரிலே துடிக்கும். ரிலேக்கும் சென்சாருக்கும் கிரவுண்டைத் தனித்தனியாகக் கொண்டுவந்து சப்ளை புகும் இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். எல்எம்393இன் சப்ளைக் காலை ஒட்டி 100 நானோஃபாரட். டிரான்சிஸ்டர் கால்களைக் கடையில் மாற்றிக் கொடுத்தால் கவனம்: தட்டையான முகம் நம்மைப் பார்க்க, பிசி327க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3906க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பலகையை ஆர்டர் செய்யும் முன் ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வாங்கி வைத்த பாகங்களை அதன் மேல் குத்திப் பாருங்கள். ரிலேயின் கால்கள் பொருந்தாதது அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியில் அளவு. பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்கில் தெர்மிஸ்டரை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் அது பூஜ்யம் டிகிரி. நடுப்புள்ளியில் 2.64 வோல்ட் வர வேண்டும். மேல்முனைக்குக் கொதிநீரை 100 டிகிரி என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிறகு பிசிபியின் மேல் வாயால் நன்றாக ஊதி மல்டிமீட்டரைப் பாருங்கள். வோல்ட்டேஜ் 30 மில்லிவோல்ட் இறங்கினால் கோட்டிங் சரியில்லை.

கல்லூரிகளுக்கும் புற மதிப்பீட்டாளர்களுக்கும் என் வேண்டுகோள், புராஜெக்ட் அறிக்கையில் ஒரே ஓர் அட்டவணையைக் கட்டாயமாக்குங்கள்: தாளில் கணக்கிட்டது, சிமுலேஷனில் வந்தது, மீட்டரில் அளந்தது என்று மூன்று பத்திகள். மூன்றும் எங்கே விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று மாணவர் விளக்கட்டும். விளக்கு எரிந்ததற்குப் போடும் மதிப்பெண்ணில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். அதோடு சிமுலேஷன் கோப்பையும் கைகேட் கோப்பையும் துறையில் வாங்கி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் முதலிலிருந்து தொடங்காமல் அங்கிருந்து மேலே போவார்கள்.

காலமும் முக்கியம். உறைபனி நவம்பரிலேயே எட்டிப் பார்க்கும்போது, ஜனவரியில் கருவியைச் செய்யத் தொடங்கிப் பயனில்லை. கணக்கையும் சிமுலேஷனையும் ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் முடித்து, அக்டோபரில் பிசிபி வாங்கினால், நவம்பர் இரவுகளில் தோட்டத்தில் வைத்துச் சோதிக்க நேரம் இருக்கும். கருவியை வாங்கும் விவசாயிகள், பணம் கொடுக்கும் முன் சென்சார் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அலாரம் அடிக்க வேண்டும். பிறகு வயரை மாட்டி, சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்து, அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கருவியின் பலகை மேல் ஊதச் சொல்லுங்கள். அலாரம் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.